படியோலை

தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். மணப்பந்தலில் வந்து நின்று "இவன் எனக்கு அடிமை" என்கிற கிழவரின் கையிலிருந்து நம்பியாரூரர் ஓலையைப் பறித்துக் கிழித்துப்போடும் இடத்தில் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கிழவர் அசரமாட்டார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் போய், அவன் கிழித்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்பார். அவையோரும் சும்மா நம்பிவிடுவதில்லை. காப்பிலிருந்த வேறோர் ஓலையை எடுத்துவரச் சொல்லி, பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். மூலம், நகல், ஆவணக் காப்பு, கையெழுத்துச் சோதனை என்று இன்றைய கோர்ட்டில் இருப்பதெல்லாம் அங்கேயும் இருக்கிறது.

வெகுநாள் கழித்துத்தான் அந்தப் பந்தலில் விடப்பட்ட இன்னொருத்தி என் கண்ணில் பட்டாள். புத்தூர் சடங்கவியாரின் மகள். புராணத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. கல்யாணம் ஏன் நின்றது என்பதற்கு அவளிடம் யாரும் ஓலை காட்டவில்லை. அவள் கையிலும் ஒரு துண்டு ஓலை இல்லை. சிவலோகம் போய்ச் சேர்ந்தாள் என்று முடித்துவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு அந்தப் பாடத்தை முடித்துவிட்டு வந்த மதியம், மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி துறை வாசலில் நின்றாள். "மேம், ஒரு சந்தேகம்" என்றாள். பாடத்தில்தான் என்று நினைத்தேன். "போலீஸ் ஸ்டேஷன்ல நாம குடுத்த மனுவையே திருப்பிக் கேட்டா குடுப்பாங்களா மேம்?"

அவளுடைய அக்காவின் கதை. இரண்டரை வருடத்துக்கு முன்னால், கை எலும்பு விரிந்துபோய், ஆட்டோ பிடித்து ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். மனு வாங்கினார்கள். இரு வீட்டாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். சாயங்காலம் வரை பேசினார்கள். கடைசியில் "எனக்கு மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை" என்று அவள் கையாலேயே எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். ரசீது தரவில்லை, அவளும் கேட்கவில்லை. இப்போது ஜீவனாம்ச வழக்கு நடக்கிறது. கணவன் தரப்புப் பதிலுரையில் ஒரு வரி இருக்கிறது: மனுதாரர் தன்னைக் கொடுமைப்படுத்தியதாக இதுநாள்வரை எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளித்ததே இல்லை.

இதைக் கேட்டபோது எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று சொல்லத் தெரியவில்லை. நானும் போயிருக்கிறேன். வேறு மாவட்டத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்த காலம். முனைவர் பட்டம் கையில் இருந்தது. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, நான் கொடுத்த மனுவுக்கு ஒரு நகல் கேட்க எனக்குத் தோன்றவில்லை. "படிச்ச பொண்ணு நீங்களே இப்படி ஸ்டேஷனுக்கு வரலாமாம்மா" என்றார்கள். வெள்ளைத்தாள் நீட்டினார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு கவிதை எழுதினேன். பத்திரிகையில் வந்தது, பாராட்டினார்கள், என் முதல் தொகுப்பில் இருக்கிறது. ஆறு வருடம் கழித்து வழக்கறிஞர் "ஏதாவது டாக்குமெண்ட் இருக்கா மேடம்?" என்று கேட்டபோது என்னிடம் இருந்தது அந்தக் கவிதை மட்டும்தான்.

நாங்கள், அதாவது எழுதுகிற பெண்கள், மௌனத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். எங்கள் மௌனத்தின் பெரும்பகுதி நாங்கள் பேசாததால் வந்ததல்ல. பேசினோம், மனு கொடுத்தோம். பேசியதற்கான சாட்சியை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் மனு வாங்கினால் கொடுப்பதற்கு ஒரு ரசீது உண்டு. சி.எஸ்.ஆர். என்பார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அந்தப் பெயரே கிடையாது, அது காவல் துறையின் உள்நடைமுறை. முதல் தகவல் அறிக்கை என்கிற எஃப்.ஐ.ஆர். வேறு, சி.எஸ்.ஆர். வேறு. "கேஸ் குடுத்திருக்கேன்" என்று சொல்லும் பெண்களில் பலரிடம் இருப்பது சி.எஸ்.ஆர். மட்டுமே, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். எஃப்.ஐ.ஆர். போட்டால் புலன்விசாரணை தொடங்க வேண்டும், நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும், வழக்கை மூடினால் கோர்ட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஆரை மூடுவதற்கு ஒரு சமாதானக் கையெழுத்துப் போதும். பெண்களின் புகார்கள் ஏன் அந்தப் பதிவேட்டிலேயே குடியிருக்கின்றன என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோது நாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்தது தப்பில்லை. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள்ளேயும் கட்டப்பஞ்சாயத்து கவுன்சிலிங் என்ற பெயரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டதை நாம் உரக்கச் சொல்லவில்லை.

குடும்பத் தகராறு என்றால் முதல்கட்ட விசாரணை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்பார்கள். 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் சொன்னது உண்மைதான். அதே தீர்ப்பில், விசாரித்துவிட்டுப் புகாரை மூடுவதானால், ஏன் மூடினோம் என்று சுருக்கமாக எழுதி, அந்தப் பதிவின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு ஒரு வாரத்துக்குள் தர வேண்டும் என்றும் இருக்கிறது. வரும் எல்லாத் தகவலும் நிலையப் பொது நாட்குறிப்பில் ஏற வேண்டும் என்றும் இருக்கிறது. முதல் பாதியை மனப்பாடமாகச் சொல்லும் நிலையங்களுக்கு இரண்டாம் பாதி மட்டும் ஏன் நினைவில் நிற்பதில்லை? "மூடியதற்கான நகலைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், உடனே தர வேண்டும். இது பழைய சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டம், புகார் கொடுத்தவரோடு பாதிக்கப்பட்டவரையும் சேர்த்துச் சொல்கிறது. (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று அதற்குப் பெயர். தமிழ்ப் பேராசிரியையான எனக்கே நாக்கு சுளுக்குகிறது. கை சுளுக்கி வருகிறவள் என்ன செய்வாள்?) புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. குற்றப்பத்திரிகை நகலும் கிடைக்கும். ஆனால் அங்கே ஓர் அடைப்புக்குறி: குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நிபந்தனையின்றி இலவசம், பாதிக்கப்பட்டவளுக்கு வழக்கறிஞர் இருந்தால் இலவசம். அடித்தவன் தனியாக வந்தாலும் காகிதம் உண்டு. அடிபட்டவள் கறுப்புக் கோட்டோடு வர வேண்டும். எழுதியவர்களுக்கு இது உறுத்தவே இல்லை போலிருக்கிறது. இதற்கு ஒரே மாற்று, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்கிற 1987ஆம் ஆண்டுச் சட்டம். கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து ஒரு வழக்கறிஞரைப் பெறலாம்.

காகிதத்தைக் கையில் வாங்கிவிட்டால் போதாது, கையெழுத்துப் போடும் முன் வாசிக்கவும் வேண்டும். இந்த இடத்தில் என் தொழில் குறுக்கே வருகிறது. காவல் நிலையத் தமிழ் என்று ஒன்று இருக்கிறது, அதற்கென்று இலக்கணம் இருக்கிறது. அவன் சொன்ன நாலு வார்த்தையை, எந்த வார்த்தை அவளை மூன்று நாள் சோறு தின்னவிடாமல் செய்ததோ அதை, அவள் வாய்விட்டுச் சொல்லியிருப்பாள். எழுத்தில் அது "ஆபாச வார்த்தைகளால் திட்டி" ஆகிவிடும். உலக்கையால் அடித்தது "கையால் தாக்கி" ஆகும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தொடர் கவிழ்ந்திருக்கும்: "குடும்பப் பிரச்சினை காரணமாக ஏற்பட்ட வாய்த்தகராறில்". தகராறு என்றால் இரண்டு பேர் வேண்டும். அந்த ஒரு சொல்லால் அடித்தவனும் அடிபட்டவளும் சம பங்காளிகளாகிவிடுகிறார்கள். எழுவாயைக் காணோம் என்று மாணவிகளின் விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதுகிறேனே, அந்தப் பிழை ஒருத்தியின் வழக்கையே சாய்க்கிறது. படித்துக் காட்டச் சொல்லுங்கள், அது சட்டப்படி அவர்கள் செய்தே ஆக வேண்டிய வேலை. நீங்கள் சொல்லாதது இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். சொன்னது விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். மனுவை வீட்டிலேயே இரண்டு பிரதியாக எழுதிக்கொண்டு போய், உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் கேளுங்கள். போட மறுத்தால் அன்றைக்கே தலைமை அஞ்சலகத்தில் விரைவுத் தபாலில், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு. அஞ்சல் முத்திரைக்குச் சமாதானம் பேசத் தெரியாது.

இதற்கு நம் வீடுகளில் ஒரு மறுப்பு உண்டு. "பேப்பர்ல பேரு வந்துரும்டி." இந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. 2019இல் எங்களுக்குப் பக்கத்துப் பொள்ளாச்சியில் என்ன நடந்தது? வழக்கை மத்தியப் புலனாய்வுக்கு மாற்றிய அரசாணையிலேயே புகார் கொடுத்த பெண்ணின் பெயர் இருந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி புகார் கொடுத்த இரண்டு மூன்று நாளில் அவருடைய எஃப்.ஐ.ஆர். ஊர் முழுக்கச் சுற்றியது. பாலியல் குற்றங்களின் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இலேயே சொல்லியிருந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்டிருந்த மொழியையும் சேர்த்தே உயர் நீதிமன்றம் கண்டித்து, மறுபடியும் 25 லட்சம் என்றது. இதற்கென்று ஒரு விலை நிலைபெற்றுவிட்டதோ என்னவோ.

ஆனால் இந்த இரண்டு சம்பவங்களும் என்ன சொல்கின்றன? பெயரை வெளியே விட்டது காகிதம் கேட்ட பெண் இல்லை. காகிதத்தைப் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னவர்கள். ரகசியம் என்பது அவளை ஊரிடமிருந்து காப்பதற்காக எழுதிய விதி. அதே சொல்லைச் சொல்லி, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற அவளையே திருப்பி அனுப்புகிறார்கள். "இது சென்சிட்டிவ் கேஸும்மா, காப்பி எல்லாம் தர முடியாது." யாரிடமிருந்து யாரை மறைக்கிறீர்கள்?

இன்னொரு மறுப்பு நம் தோழிகளிடமிருந்தே வரும். சட்டமே ஆண்களுடையது, அதன் கோப்புகளில் என்ன நீதியைத் தேடுகிறாய் என்பார்கள். அரங்கில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த உரிமைகள் எப்படி வந்தன என்று தேடிப் பார்த்தேன். லலிதா குமாரி வழக்கில், கடத்தப்பட்ட சிறுமிக்காகக் கோர்ட் ஏறியவர் தகப்பன். வழக்கை மூடும்போது புகார் கொடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்ட பிறகே நீதித்துறை நடுவர் முடிவெடுக்க வேண்டும் என்று நிலைநாட்டியது 1985ஆம் ஆண்டின் பகவந்த் சிங் வழக்கு. புகுந்த வீட்டில் தீக்காயங்களோடு இறந்துபோன மகளுக்காகப் போராடிய தகப்பன் அவர். "விசாரணை நடக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, தகவல் கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று விளக்க வேண்டும்" என்ற பொருளில் 2007இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதே, அந்த வழக்கைப் போட்டவர் மனைவி கொடுத்த வரதட்சணைப் புகாருக்கு எதிராக வாதாடிக்கொண்டிருந்த ஒரு கணவன்! காகிதத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம்மில் சிலர் மட்டும்தான் அதைக் கீழான வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மாணவியின் அக்காவுக்கு வருகிறேன். முதலில் நேரில் கேட்டுப் பார்த்தார்கள். அது தை மாதம். "ரைட்டர் தைப்பூச பந்தோபஸ்து போயிருக்கார், திருவிழா முடியட்டும்." பழனியில் இது நியாயமான காரணம் மாதிரியே ஒலிக்கும். தைப்பூசம் முடிந்தால் பங்குனி உத்திரம் இருக்கிறது, முருகன் பெயரால் ஒரு வருடத்தையும் ஓட்டிவிடலாம். அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினோம். பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் இல்லை. அவள் முதலில் எழுதிவந்த மனுவில் "என் புகார் மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்றிருந்தது. ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது, இருக்கிற ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் வரும். இன்ன தேதியில் நான் அளித்த மனுவின் நகல், அது பதியப்பட்ட பதிவேட்டுப் பக்கத்தின் நகல், விசாரணை அறிக்கையின் நகல், என்னிடம் எழுதி வாங்கிய வாக்குமூலத்தின் நகல் என்று மாற்றி எழுதினோம்.

27ஆம் நாள் பதில் வந்தது. புலன்விசாரணையைப் பாதிக்கும் என்பதால் 8(1)(எச்) பிரிவின்படி தர இயலாது. அதே கடிதத்தின் முதல் பத்தியில், மனு விசாரித்து முடித்துவைக்கப்பட்டது என்றிருக்கிறது! முடிந்துபோன விசாரணையை எது பாதிக்கும்? சிரித்துவிட்டோம். சிரித்த கையோடு, 30 நாளுக்குள் செய்ய வேண்டிய முதல் மேல்முறையீட்டை எழுதினோம். இதற்கும் மறுத்தால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இப்போது இன்னொரு சாக்கும் வரக்கூடும், எச்சரிக்கையாக இருங்கள். தனிநபர் தகவல் என்ற விலக்கை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் அகலமாக்கியிருக்கிறார்கள். மற்றவர்களின் காகிதங்களைக் கேட்பது இனி கடினம். நீங்கள் எழுதிய மனு உங்கள் தகவல் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கோர்ட்டு ஆவணம் என்றால் பாதை வேறு. அங்கே தகவல் உரிமைச் சட்டம் செல்லாது, நீதிமன்ற விதிகளின்படி நகல் மனுதான் போட வேண்டும் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கில் தரப்பினராக இருந்தால் வழக்கு எண்ணோடு நகல் மனு போட்டு, கேட்கும்போது கட்டணம் கட்டினால் போதும். சான்றிட்ட நகலில் மனு போட்ட நாள், நகல் தயாரான நாள் எல்லாம் குறித்திருக்கும். அதை அலங்காரம் என்று நினைக்காதீர்கள், மேல்முறையீட்டுக் கெடுவிலிருந்து அந்த நாட்கள் கழிக்கப்படும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நடுவர் போட்ட உத்தரவு என்றால் 24ஆம் பிரிவின்படி நகல் இலவசம். உத்தரவு கையில் இல்லாததால் அதை அமல்படுத்தக் கேட்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

"வக்கீல் கட்டு தரமாட்டேங்குறார்" என்பது அடிக்கடி கேட்கும் புகார். பீஸ் பாக்கி இருந்தாலும் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000த்திலேயே தீர்த்துச் சொன்னது. ஆய்வு செய்யும் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் வழக்குக்கு வெளியே இருப்பவர்கள் என்பதால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று பிரமாண வாக்குமூலத்தோடு மனு போட வேண்டும். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். அதற்கு முந்தைய பழனி வழக்கைத் தேடினால் மதுரைக்கும் நடக்க வேண்டிவரலாம். நடங்கள். இந்த ஊரில் கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இறந்த பெண்களுக்குக் கோட்டாட்சியர் விசாரணை நடந்திருக்கும், அறிக்கை எழுதியிருப்பார்கள். அந்த அறிக்கைகளை வரிசையாக வைத்து, "வயிற்றுவலி தாங்காமல்" என்ற தொடர் எத்தனை முறை வருகிறது என்று யாராவது ஒருத்தி எண்ண வேண்டும். என்னிடம் ஆய்வுக்கு வந்தால் சங்க இலக்கியத்துக்குப் பதிலாக அந்தத் தலைப்பைத்தான் கொடுப்பேன்.

மேல்முறையீட்டுக்குப் பிறகு அக்காவுக்கு நாலு பக்கம் வந்தது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய். விசாரணை அறிக்கையில் எதிர்பார்த்த வாக்கியமே இருந்தது: குடும்ப நலன் கருதிச் சமாதானமாகிவிட்டனர். அதில் அவள் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். ஆனால் கூடவே அவளுடைய மனுவும் வந்திருந்தது. அவளுடைய சொந்தக் கையெழுத்தில், நிலைய முத்திரையோடு, தேதியோடு. இடது கை வீங்கியிருப்பதாக வலது கையால் எழுதிய வரி அதில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "நானா மேடம் இதை எழுதுனேன்? இவ்வளவு தெளிவாவா எழுதியிருக்கேன்?"

அந்த மனு இப்போது ஜீவனாம்ச வழக்கில் மனுதாரர் தரப்புச் சான்றாவணம். வழக்கு இன்னும் முடியவில்லை, இரண்டு வாய்தா தள்ளிப் போயிருக்கிறது. அன்றைக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அவள் ஐந்து செட் எடுத்தாள். ஒன்றை வக்கீலுக்கு, ஒன்றைத் தங்கைக்கு, ஒன்றை எனக்கு. சான்றிட்ட நகலை எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.